கொத்து சேரின் திருத்தம்

டயனா ஒரேயொரு வசனம் அனுப்பியிருந்தாள். அதுவும் ஜப்பான் மொழியில். 'கொகோ நி நொகொரு கொத்தோ நி ஷிமாஷ்தா.' இங்கேயே தங்குவதென்று தீர்மானித்துவிட்டேன் என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை காலை உக்குவளையில் மாத்தளை பஸ்ஸுக்கு நின்றபோது போனில் வந்தது. மூன்று தரம் வாசித்தேன். வாசித்ததும் முதலில் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இவள் மறுபடியும் பிழையாக எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

டயனா என் மனைவி. ஜப்பானின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் பனி கிடக்கும் ஓர் ஊரில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். மூன்று வருட ஒப்பந்தம். வருகிற மார்ச்சில் முடிகிறது. முடிந்த கையோடு வந்துவிடுவாள் என்றுதான் போகும்போது பேச்சு. விரும்பினால் இன்னும் இரண்டு வருடம் இருக்கலாம் என்று இல்லத்தில் கேட்டிருக்கிறார்கள் என ஒரு மாதத்துக்கு முன் சொன்னாள். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். வருவாளா மாட்டாளா என்பதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு மாதமாகப் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

நான் ஜப்பான் மொழி கற்பிக்கிறவன். பலாபத்வலயில் முத்தலிப் நானாவின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் என் வகுப்பு. ஷியாம் சேர் என்று கேட்டால் அந்தச் சந்தியில் ஒருவருக்கும் தெரியாது. கொத்து சேர் என்று கேட்டால் ஓட்டோக்காரர்கூடப் படியைக் காட்டுவார். அந்தப் பெயருக்குக் காரணம் நான்தான்.

ஜப்பான் மொழியில் ஒரு வினைச்சொல்லைப் பெயர்ச்சொல் ஆக்குவது வெகு சுலபம். வினைக்குப் பின்னால் 'கொத்தோ' என்று ஒரு சொல்லைப் போட்டால் தீர்ந்தது. பாடுகிறேன் என்பது பாடுவது ஆகிவிடும், போகிறேன் என்பது போவது ஆகிவிடும். ஆரம்ப வகுப்பில் ஒரு தடவை, "எந்த வினைய வேணும்னாலும் கொண்டு வாங்க, கொத்து ரொட்டிக் கடை மாதிரி, கல்லுல போட்டா எல்லாம் கொத்துத்தான்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்னும் கழலவில்லை.

அந்த வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவள்தான் டயனா. மாத்தளையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு படிக்க வந்தாள். வேலைக்கான நேர்முகத்தில் உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கான பதிலில் நடுவே 'வ' வர வேண்டும், எழுதும்போது அதை 'ஹ' என்று எழுத வேண்டும், கடைசியில் 'கொத்தோ' வர வேண்டும். யாருக்கும் மனதில் நிற்காது. டயனா கையைத் தூக்கினாள்.

"சேர், வஹகோட்டைன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டாப் போதும். வ, ஹ, கொத்தோ. எங்க அம்மா வருசா வருசம் வஹகோட்டைக் கோயில் திருநாளுக்குப் போவாங்க. எனக்கு மறக்கவே மறக்காது."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கோட்டை வேற, கொத்தோ வேற. உச்சரிப்பக் கவனிங்க." அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அன்று தொட்டு இன்றுவரை எல்லா வகுப்பிலும் அந்த வஹகோட்டையைச் சொல்லித்தான் நான் கற்பிக்கிறேன். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி அவள் வழக்கமாக விடும் பிழைக்கு வருகிறேன். 'கொத்தோ நி ஷிமாஷ்தா' என்றால் நானே தீர்மானித்தேன். 'கொத்தோ நி நரிமாஷ்தா' என்றால் அப்படி ஆயிற்று, அப்படி முடிவாயிற்று. தீர்மானித்தவர் யார் என்பது அதில் தெரியாது. முதலாளியாக இருக்கலாம், காலமாக இருக்கலாம். சொந்த முடிவைக்கூட அடக்கமாக 'நரிமாஷ்தா' என்று அறிவிப்பது ஜப்பான்காரர் வழக்கம். கல்யாணம் முடிவாச்சு என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி. டயனாவுக்கு இந்த இரண்டும் குழம்பும். எதற்கெடுத்தாலும் ஷிமாஷ்தா போடுவாள். தன்னைப் பற்றி எழுதச் சொன்னபோது, 'நான் மாத்தளையில் பிறப்பதென்று தீர்மானித்தேன்' என்று எழுதி வந்தாள். அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்தேன். அவள் கொப்பியில் சிவப்புப் பேனையால் ஷிமாஷ்தாவை வெட்டி வெட்டி எனக்குக் கை வலித்தது.

பிறகு எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. 'சேர்' என்று கூப்பிடுவதைக் கைவிட அவளுக்கு ஆறு மாதம் எடுத்தது. விட்ட பிறகு 'என்னங்க' என்பாள், அதுவும் கொஞ்சம் கூச்சத்தோடு. உக்குவளையில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு எடுத்தோம். பரீட்சையில் தேறியதும் போவதா வேண்டாமா என்று இரண்டு பேரும் பேசி, மூன்று வருடம்தானே என்று போனாள். அந்த விசாவில் புருஷனைக் கூட்டிப்போக விடமாட்டார்கள்.

அந்தப் பழைய ஷிமாஷ்தாப் பிழையை வைத்துத்தான் அன்று பஸ்ஸில் உட்கார்ந்து நான் கணக்காக யோசித்தேன். இவள் எழுத நினைத்தது நரிமாஷ்தாவாக இருக்க வேண்டும். இல்லத்தில் விடமாட்டேன் என்றிருப்பார்கள். ஆள் பற்றாக்குறை என்றிருப்பார்கள். இவளும் அழுது கேட்டுப் பார்த்திருப்பாள், கடைசியில் தங்கும்படி ஆகியிருக்கும், அதைப் பழக்கதோஷத்தில் ஷிமாஷ்தா என்று எழுதியிருப்பாள். தன் பெண்டாட்டியின் இலக்கணம் பிழையாக இருக்க வேண்டுமே என்று எந்த வாத்தியாரும் இவ்வளவு ஆசைப்பட்டிருக்க மாட்டான்.

அன்றைய பாடம் 'ஸா'. வினைக்குக் கொத்தோ என்றால் பெயரடைக்கு ஸா. நீளமான என்பதோடு ஸா சேர்த்தால் நீளம், உயரமான என்பதோடு சேர்த்தால் உயரம். தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் சசிக்குமார் கெட்டிக்காரன், கட்டிட வேலைக்குப் போக இருக்கிறவன். அகலம், ஆழம், பாரம் என்று வரிசையாகச் சொன்னான். எல்லாம் அளக்கக்கூடியவை, ஸா என்றால் எவ்வளவு என்ற அளவு என்று நான் விளக்கினேன். உக்குவளையிலிருந்து வரும் றுஸ்னாவுக்குக் கேள்வி கேட்காவிட்டால் சோறு இறங்காது.

"சேர், ஸபிஷீ எண்டா தனிமையான எண்டுதானே சொல்லித் தந்தீங்க. அதுக்கும் ஸா போடலாமா?"

"போடலாம். ஸபிஷிஸா. தனிமை."

"அப்ப அத எதால அளக்கிற சேர்?"

சசிக்குமார் சிரித்தான். நான், "பரீட்சைக்கு வராததக் கேட்டு நேரத்த வீணாக்காதீங்க" என்றேன். ஆனால் அதற்கு விடை எனக்குத் தெரியும். நான் அதைப் பாணால் அளக்கிறேன். டயனா இருந்தபோது ஒரு றாத்தல் பாண் காலைச் சாப்பாட்டுக்கே முடிந்துவிடும். இப்போது ஒரு றாத்தல் வாங்கினால் மூன்றாம் நாள் பாதி பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. அரை றாத்தல் வாங்கிப் பார்த்தேன், அதுவும் மிஞ்சுகிறது. கடைக்காரர் முதலில் எல்லாம் மிஸ் எப்ப வாறாங்க என்று கேட்பார். இப்போது ஒன்றும் கேட்காமல் பாதியை வெட்டிக் கடதாசியில் சுற்றித் தருகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொத்தோ எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் சொல்லும்போது 'நொ' போட வேண்டும். டயனா பாடுவதைக் கேட்கிறேன் என்றால் நொ. டயனா பாடுவது எனக்குத் தெரியும் என்றால் கொத்தோ. அருகில் நடப்பது நொ, அறிவால் மட்டும் தெரிந்தது கொத்தோ. அவள் குசினியில் கோயில் பாட்டைப் பாடுவாள், நான்கு அடியில் ஓர் அடி தப்பாக வரும், நான் முன்னறையில் இருந்து சரியான அடியைச் சொல்லுவேன், பாட்டு நின்றுவிடும். மூன்று வருடமாக அவள் எழுந்திருப்பதும் சமைப்பதும் இருமுவதும் எனக்குக் கொத்தோவாகிப் போயின. நடக்கின்றன என்று தெரியும். ஒன்றும் கேட்காது. வீட்டில் கேட்பது ரயில் மட்டும்தான், அதுவும் நாளுக்குச் சில தடவை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். கிமுரா சான் என்று தொண்ணூறு தாண்டிய ஓர் அம்மாவை டயனாதான் பார்த்துக்கொள்கிறாள். அந்த அம்மா பனிக்குள் செருப்பைத் தொலைத்த கதையைப் போன ஞாயிறு ஜப்பான் மொழியிலேயே சொல்லத் தொடங்கினாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "அந்த இடத்தில் நொ வராது, கொத்தோ" என்றேன். "ஆ, சரி" என்றாள். பிறகு அங்கே குளிரா என்று நான் கேட்டேன், குளிர்தான் என்றாள். செருப்பு கிடைத்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஸா பாடம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் டயனாவின் வசனத்தை வெள்ளைப் பலகையில் எழுதினேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை.

"ஒரு ஆள் மூணு வருச ஒப்பந்தத்துல ஜப்பானுக்குப் போயிருக்காங்க. முடிஞ்சதும் ஊருக்கு வர்றதா இருந்தாங்க. இப்ப இப்பிடி எழுதியிருக்காங்க. சரியா, பிழையா?"

சசிக்குமார் உடனே, "நரிமாஷ்தா வரணும் சேர். கம்பெனிதானே முடிவெடுக்கும்" என்றான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. நல்லது என்று தலையாட்டிக்கொண்டு ஷிமாஷ்தாவின் மேல் சிவப்புக் கோடு போட்டேன்.

றுஸ்னா பேனையைக் கடித்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிழைண்டு எப்படி சேர் சொல்ற? இலக்கணத்துல ஒரு பிழையும் இல்லயே. அந்த ஆளே யோசிச்சுத் தீர்மானிச்சீந்தா இதுதானே சரி?"

"ஊருக்கு வர்றதா இருந்தவங்கன்னு சொன்னேனே."

"இருந்தவங்க மாற ஏலாதா சேர்?"

பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கீழே கடையில் யாரோ தகரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் முடியட்டும் என்று காத்திருப்பவன்போல் நின்றேன். சத்தம் முடிந்தது. வகுப்பைப் பத்து நிமிடம் முன்பே விட்டேன். இறங்கிப் போகும்போது முத்தலிப் நானா, "என்ன சேர், இண்டைக்கு வெள்ளனவே கடை சாத்திட்டீங்க" என்று கேலி பண்ணினார். சிரித்துவைத்தேன்.

அங்கேயே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு டயனாவுக்குப் பதில் அனுப்பினேன். அவள் வசனத்தை அப்படியே எடுத்து, கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி, 'கொகோ நி நொகொரு கொத்தோ நி நரிமாஷ்தா' என்று எழுதினேன். கீழே தமிழில், 'நரிமாஷ்தா என்று வர வேண்டும். பழைய பிழை' என்று சேர்த்தேன். அனுப்பிய பிறகு மனம் லேசானது. அவள் 'ஆ, சரி' என்று அனுப்பினால் போதும். தங்குவது அவள் விருப்பமில்லை, அவளுக்கு நேர்ந்தது என்று ஆகிவிடும். அப்படியென்றால் இன்னும் இரண்டு வருடம் பாணை வெட்டித் தின்றுகொண்டு இருந்துவிடுவேன். வர ஆசைப்படுகிற ஒருத்திக்காகக் காத்திருப்பது பெரிய காரியமில்லை.

அன்று பதில் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. புதன்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. வீட்டைக் கூட்டினேன், உடுப்புத் துவைத்தேன், மேசையில் போனை வைத்துவிட்டுப் பத்து தடவை போய்ப் பார்த்தேன். பின்னேரம் ஐந்தரை மணிபோல, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தபோது, அவள் குரல் பதிவு ஒன்று வந்தது. அடுப்பை நிறுத்திவிட்டு முன்னறையில் உட்கார்ந்து கேட்டேன்.

"சேர்," என்று தொடங்கினாள்.

ஆறு மாதம் பாடுபட்டு விட்ட சொல். நான் போனை மேசையில் வைத்துவிட்டேன். அது அங்கிருந்தே பேசிற்று.

"பிழை இல்ல, சேர். ஷிமாஷ்தாதான். நல்லா யோசிச்சுத்தான் எழுதினேன். நரிமாஷ்தான்னு போட்டிருந்தா ஒங்களுக்கும் லேசு, எனக்கும் லேசு. இல்லத்துல விடமாட்டேங்கிறாங்கன்னு நெனச்சிருப்பீங்க. அப்பிடி எழுதத்தான் மொதல்ல நெனச்சேன். எழுதி அழிச்சுட்டேன். பொய் சொல்ல மனசு வரல்ல. இங்க யாரும் என்னைய இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தல்ல. நானேதான்."

பதிவில் அவளுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு கதவு திறந்து மூடியது.

"இங்க நான் எவ்வளவோ பிழை விட்டுத்தான் பேசுறேன். கிமுரா சான் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. பெறகு என்னாச்சு, பெறகு என்னாச்சும்பாங்க. நம்ம வீட்டுல நான் ஒரு கதையச் சொல்லி முடிச்சதே இல்ல. நடுவுல நீங்க ஒரு சொல்லத் திருத்துவீங்க. எங்க விட்டேன்னு எனக்கே மறந்து போயிரும். நீங்க கெட்டவர் இல்ல. கை நீட்டினது இல்ல, குடிச்சது இல்ல, எல்லாம் தெரியும். ஆனா ஒங்க பக்கத்துல இருக்கும்போதுதான் நான் ஒத்தையா இருந்தேன். இங்க ஒத்தையா இருக்கேன், அப்பிடித் தோணல்ல."

மேசையிலிருந்த போனைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"நான் அனுப்பினதப் பார்த்துட்டு கோவப்படுவீங்கன்னு நெனச்சேன். ஏன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன். அழுவீங்கன்னுகூட நெனச்சேன். அழுதிருந்தா ஒருவேளை எனக்கு மனசு மாறியிருக்கும். நீங்க திருத்தி அனுப்பியிருக்கீங்க."

பதிவு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இருந்தது.

"நான் எழுதினது சரிதானே சேர். ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க."

நான் அழுதேன். நேற்றே அழுதிருக்க வேண்டியது. என்மேல் வந்த கோபத்தில் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருடம் அவள் பேசியதில் சொற்களை மட்டுமே கேட்டிருக்கிறேன், அவளைக் கேட்கவில்லை. இப்போது அவளைக் கேட்கிறேன், அவள் இல்லை.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போடாமல் போனை எடுத்தேன். 'வா' என்று எழுதினேன். ஒரே ஓர் எழுத்து. கூப்பிடும் சொல்லுக்குப் பின்னால் கொத்தோ போட முடியாது, ஸா போட முடியாது, எந்த மொழியிலும் அதைப் பெயர்ச்சொல்லாக்கித் தள்ளி நிற்க முடியாது. மூன்று வருடத்தில் அதை அவளிடம் நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழித்தேன். அவள் கேட்டது அதையல்ல. தான் எழுதியது சரியா என்றுதான் கேட்டிருந்தாள்.

அவளுடைய வசனத்தை இன்னொரு தடவை எடுத்து வாசித்தேன். இந்த முறை வாத்தியாராகத்தான் வாசித்தேன், நேர்மையாக. தங்குவது என்ற வினை, அதன் பின்னால் கொத்தோ, அதன் பின்னால் நி, கடைசியில் ஷிமாஷ்தா. தீர்மானித்தவள் அவள். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. சிவப்புக் கோடு போட ஓர் இடமும் இல்லை.

'சரி' என்று எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அந்தச் சொல்லுக்குக் கீழே நீல நிறத்தில் இரண்டு சரி அடையாளம் விழுந்தன. அவள் பார்த்துவிட்டாள். அந்த ஆரம்ப வகுப்பில் வஹகோட்டை என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாளே, அன்று தொட்டு டயனாவின் வாக்கியம் ஒன்றுக்கு நான் சரி போட்டது இதுதான் முதல் தடவை.